படத்தின் ஓரத்தில் ஒரு கோட்டுக் கை

கருப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து அதேபோலக் கல்யாணம் செய்துகொள்ளக் கிளம்பினால் முதலில் வந்து நிற்கிற தலைவலி நிறம்தான். ஹில்டாவுக்கு அது அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் விட்டிருக்கப் போவதில்லை என்பது வேறு விஷயம். ஒன்றை நினைத்துவிட்டால் அதை முடிக்கிற வரைக்கும் தானும் நிம்மதியாக இருக்க மாட்டாள், அக்கம் பக்கத்தில் யாரையும் இருக்கவிடவும் மாட்டாள்.

ஆவடியில் ராணுவத்துக்குச் சீருடை தைக்கிற தொழிற்சாலையில் அவளுக்குத் தையல் வேலை. அப்பா வேதமுத்து அங்கே தைத்துக்கொண்டிருந்தவர். பணியில் இருக்கும்போதே மாரடைப்பில் போனார், வேலை மகளுக்கு வந்தது, குவார்ட்டர்ஸும் வந்தது. அம்மா ஞானம்மாள் அதற்கும் ஐந்து வருஷம் முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தாள். தம்பி டேவிட்டைப் படிக்க வைத்து, அவன் படிக்காமல் பருத்திப்பட்டில் சவுண்ட் சர்வீஸ் கடை போட்டு, அது ஒரு நிலைக்கு வந்து, அப்பாடா என்று ஹில்டா நிமிர்ந்து பார்த்தபோது அவளுக்கு முப்பது வயது முடிந்திருந்தது. தொண்ணூற்றொன்றாம் வருஷம் பொங்கல் கழிந்ததும் பூந்தமல்லியிலிருந்து ஜெயபால் என்ற வரன் வந்தது. லாரிப் பட்டறையில் மெக்கானிக். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத மனுஷன். தவக்காலத்தில் கோவிலில் கல்யாணம் நடத்த மாட்டார்கள் என்பதால் ஈஸ்டர் முடிந்து அடுத்த வாரம் புதன்கிழமை என்று தேதி குறித்தார்கள்.

தேதி குறித்த அன்றைக்கே டேவிட் ஆரம்பித்துவிட்டான்.

"கோயில் வாசல்ல தெர்மாகோல்ல ஆளு ஒசரத்துக்கு ஒரு ஹார்ட்டு. நடுவுல உங்க ரெண்டு பேர் பேரு. சுத்தி சீரியல் செட்டு. நிக்காம ஓடும். இன்னாக்கா, எப்பிடி?"

"ஒண்ணும் வேணாம். அப்பா அம்மா கல்யாணம் எப்படி இருந்துச்சோ, அப்படியே இருக்கணும்" என்றாள் ஹில்டா. சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள்.

ஐம்பத்தொன்பதில் எடுத்த படம். அவர்கள் கல்யாணத்துக்கு இருந்ததே அந்த ஒன்றுதான். கோவில் வாசலில் ஒரு வளைவு, அது முழுக்கக் காகிதப் பூக்கள். இரண்டு பக்கமும் காகிதச் சங்கிலித் தோரணம். உச்சியிலிருந்து காகிதத்தில் செய்த மணி ஒன்று தொங்குகிறது. அப்பா கோட்டுப் போட்டு விறைப்பாக நிற்கிறார். முழுக்கை ரவிக்கையும் தலையில் வலைத்துணி நெட்டுமாக அம்மா தலை குனிந்து நிற்கிறாள், கல்யாணப் பெண்ணின் வெட்கம். இரண்டு பேரும் வளைவுக்கு நடுவில் இல்லை, கொஞ்சம் இடப்பக்கமாக ஒதுங்கி இருக்கிறார்கள். வலது ஓரத்தில் யாரோ ஒருவரின் கோட்டுக் கை மட்டும் பாதியாகத் தெரிகிறது. சின்ன வயதில் "இது யார் கைம்மா?" என்று ஹில்டா கேட்டால் "யாரோ" என்பாள் அம்மா. "பூ இன்னா கலரும்மா?" என்றால் ஒரு நாள் ரோஸ் என்பாள். இன்னொரு நாள் மஞ்சள் என்பாள். மூன்றாம் நாள் கேட்டால் "போய்ப் படி" என்பாள்.

"தொண்ணூத்தொண்ணுல கீறோம்க்கா!" டேவிட் தலையில் அடித்துக்கொண்டான். "என் அக்கா கல்யாணத்துல லைட்டு இல்லன்னா நாளைக்கு என் கடைக்கு எவன் வருவான்?"

"உன் கடைக்கு வெளம்பரம் பண்ணவாடா நான் கல்யாணம் பண்ணிக்கிறேன்? அம்மாவோட பொடவைய கரையான் தின்னுடுச்சு. செயின் உன் டைபாய்டுக்குப் போச்சு. எங்கிட்ட அம்மாவோடதுன்னு இந்தப் படத்தைத் தவிர இன்னாடா கீது? அவங்க நின்ன மாதிரி ஒரு தடவ நான் நிக்கணும். அவ்ளோதான்."

டேவிட் வாயை மூடிக்கொண்டான். ஆனால் மூடிய வாய் அப்படியே இருக்கிற ஜாதி இல்லை அவன்.

அப்புறம் தொடங்கியது நிறச் சண்டை. அந்தக் கல்யாணத்துக்குப் போனவர்களில் உயிரோடு மிஞ்சியிருந்தவள் அப்பாவின் தங்கை அன்னம்மாள். ஹில்டா ரயிலேறித் திருநின்றவூருக்குப் போனாள். அத்தை படத்தை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள், எட்ட வைத்துப் பார்த்தாள், மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"கலரா? அதெல்லாம் எங்கடி ஞாபகம் கீது. காபி குடி."

"நோன்பு அத்தே. காபிய வுட்டுருக்கேன்."

அதுவும் ஒரு கொடுமை. ஒவ்வொரு தவக்காலத்துக்கும் ஏதாவது ஒன்றை விடுவது அவள் வழக்கம். அந்த வருஷம் பார்த்தா காபியை விட வேண்டும்? காலையில் ஒரு டம்ளர், தொழிற்சாலையில் இரண்டு டம்ளர், சாயங்காலம் ஒன்று என்று பழகிய உடம்பு. நாற்பது நாளும் நெற்றிப்பொட்டில் சுத்தியல் அடித்துக்கொண்டே இருந்தது. கத்தரிக்கோலை எடுத்தால் காகிதத்தை வெட்டுவதா ஆளை வெட்டுவதா என்கிற மாதிரி இருந்தது அவளுக்கு.

ஜெயபாலைக் கேட்டாள். "ரோஸா, மஞ்சளா, நீங்க சொல்லுங்க."

"உன் இஷ்டம்" என்றான் ஜெயபால்.

மண்டபச் சாப்பாடு பற்றிக் கேட்டால் உன் இஷ்டம். பத்திரிகை பற்றிக் கேட்டால் உன் இஷ்டம். இந்த மனுஷனுக்கென்று ஒரு இஷ்டம் உண்டா இல்லையா என்று ஹில்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் அவளே முடிவு செய்தாள். ரோஸும் வெள்ளையும். ஒரு சனிக்கிழமை பாரிமுனைக்குப் போய்க் காகிதக் கடை கடையாக ஏறி இறங்கினாள். வெளிர் ரோஸ் எங்கேயும் இல்லை. ராணி கலர் இருக்கிறது, சிவப்பு இருக்கிறது, பச்சை எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கிறது. ஆறாவது கடைக்காரர் "இதையே வெயில்ல ரெண்டு நாள் காயப் போடும்மா, வெளுத்துப்புடும்" என்றார். வேறு வழியில்லாமல் ராணி கலரை வாங்கி வந்து மொட்டை மாடியில் காயப்போட்டாள். வெளுத்தது. திட்டுத் திட்டாக வெளுத்தது.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வசந்தகுமாரி உதவிக்கு வந்தாள். தங்கமான மனசு. ஆனால் அவள் எந்தப் பூவைச் செய்தாலும் அது சாமந்தியாகத்தான் வந்தது.

"ரோஜான்னா இதழ் வெளியே மடங்கணுங்க வசந்தா."

"மடங்கினா என்ன, மடங்காட்டி என்ன? தூரத்துல பார்த்தா எல்லாம் பூதானே?"

தூரத்தில் பார்த்தால்! படத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து முப்பத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய கல்யாணத்தை ஒவ்வொரு இதழாக எண்ணிக்கொண்டிருப்பவளிடம் போய்ச் சொல்கிற பேச்சா இது? ஹில்டா பல்லைக் கடித்துக்கொண்டு, வசந்தகுமாரி வீட்டுக்குப் போன பிறகு அறுபது சாமந்தியையும் பிரித்து மறுபடி ரோஜாவாக்கினாள். மறுநாள் வசந்தகுமாரி வந்து, "பாருங்க, நான் கட்டினது எவ்வளவு நல்லா வந்திருக்கு" என்று பெருமைப்பட்டாள். அதற்கும் தலையாட்ட வேண்டியிருந்தது.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம் வந்தது. முந்நூறு பூ சேர்ந்திருந்தது. குருத்தோலை ஞாயிறு பூசை முடித்து வந்து, கட்டிலுக்கு அடியிலிருந்த அட்டைப் பெட்டியை இழுத்துத் திறந்தாள். திபுதிபுவென்று கரப்பான் பூச்சி ஓடியது. மைதாப் பசை காய்ச்சும்போது ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட வேண்டும், இல்லாவிட்டால் பூச்சி அரிக்கும். சுவரில் போஸ்டர் ஒட்டுகிறவனுக்குக்கூடத் தெரிந்த விஷயம். அது அவளுக்கு மறந்துபோயிருந்தது. அரித்தது போக மிச்சம் நூற்றெழுபது. "மாதாவே, உனக்கு நான் இன்னா பாவம் செஞ்சேன்?" என்று தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். காபி இருந்தாலாவது அழுகையோடு ஒரு வாய் குடித்திருக்கலாம்.

அந்த அழுகை காய்வதற்குள் வாசலில் ஒரு மீன்பாடி வண்டி வந்து நின்றது. ஜெயபாலும் பட்டறை ஆட்கள் மூன்று பேரும் சேர்ந்து எதையோ இறக்கினார்கள். வளைவு. அவள் சொன்னது மூங்கில். அவன் கொண்டுவந்தது இரும்பு. லாரிக் கூண்டுக்குப் போடுகிற குழாயை வளைத்து வெல்டிங் செய்து, அடியில் கனமான தகடு வைத்து, கறுப்புப் பெயிண்ட் வேறு அடித்திருந்தான்.

"மூங்கில்னுதானே சொன்னேன்?" என்றாள் ஹில்டா. குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"மூங்கில் காத்துக்குச் சாயும்" என்றான் ஜெயபால். அவனாக இஷ்டப்பட்டுச் செய்த ஒரே காரியம் அது. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதைப் பார்த்த பிறகு என்னவென்று திட்டுவது? நான்கு பேர் முக்கி முனகி அதை முற்றத்தில் நிறுத்தினார்கள். ஹில்டா வெள்ளைக் காகிதத்தைச் சுற்றிச் சுற்றி அந்தக் கறுப்பை மறைத்தாள். அதற்கே இரண்டு நாள் போயிற்று.

ஈஸ்டர் வந்தது. காபி குடித்தாள். மண்டைக் குத்தல் நின்றது, எரிச்சல் நிற்கவில்லை. கோவிலில் மூன்றாவது கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்த கையோடு ஃபாதர் அவளைக் கூப்பிட்டார்.

"தவக்காலம் முடிஞ்சதும் எல்லாரும் ஒரே நேரத்துல வந்து நிக்கிறீங்கம்மா. புதன்கிழமை ஒரே பூசைதான், மூணு ஜோடி. உன்கூட பட்டாபிராம்ல ஒரு பொண்ணு, செம்பரம்பாக்கம் செங்கல் சூளையில ஒரு பொண்ணு."

ஹில்டா தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாள். வழியெல்லாம் வாய்க்குள்ளேயே பேசிக்கொண்டு வந்தாள். இரண்டு மாசம் விரலெல்லாம் கம்பி குத்திக் குத்திக் கட்டிய வளைவு. அதில் கண்டவர்களும் வந்து நிற்பதா?

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது வளைவு முடிந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பூ. சங்கிலித் தோரணம். உச்சியில் மணி. படத்தைப் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்தாள். ஒரு குறை சொல்ல முடியாது. அன்று சாயங்காலம்தான் திருநின்றவூரிலிருந்து அன்னம்மாள் அத்தை துணிப்பையோடு வந்து இறங்கினாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் வளைவையே பார்த்துக்கொண்டு நின்றாள். டேவிட்டும் அங்கே இருந்தான்.

"அக்கா, ஃபாதர் கேட்டாரு" என்றான் டேவிட். "மத்த ரெண்டு ஜோடியும் இதுங்கீழ நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமான்னு."

"ஒருத்தரும் நிக்கக் கூடாது!" ஹில்டா சீறிக்கொண்டு வந்தாள். "இது எங்க அம்மா கல்யாணத்து ஆர்ச்சு. நம்ம போட்டோ முடிஞ்ச நிமிஷமே நீ கட்டிங் பிளேயர எடுத்து எல்லாத்தையும் அறுத்துப் போடற. வேணும்னா அவங்களும் ரெண்டு மாசம் ஒக்காந்து கட்டட்டும்."

"ஏன்டி" என்றாள் அத்தை. "அன்னிக்கி அவங்களும் இப்படிச் சொல்லியிருந்தா உங்கம்மாவுக்கு ஏதுடி போட்டோ?"

ஹில்டா திரும்பிப் பார்த்தாள். "எவங்க?"

அத்தை பையைக் கீழே வைத்தாள். சொல்லிவிட்ட பிறகு விழுங்க முடியவில்லை அவளால்.

"உங்க அப்பன் கல்யாணமும் ஈஸ்டர் கழிச்சுதான். ஒரே பூசையில ரெண்டு ஜோடி. இன்னொண்ணு ரோடு காண்ட்ராக்டர் ஊட்டுப் பொண்ணு. ஆர்ச்சு, தோரணம், போட்டோக்காரன், எல்லாம் அவங்களுது. நம்ம கையில ரெண்டு மாலை, அவ்ளோதான். பூசை முடிஞ்சு வெளிய வந்தோம். உங்க அப்பன் போய் அந்த மாப்பிள்ளகிட்ட, ஒரே ஒரு போட்டோ, நின்னுட்டுப் போயிடறோம்னு கேட்டான். அவனும் பாவம், சரின்னு நகர்ந்துகினான். முழுசா நகரல. அந்தக் கை அவனுதுதான்."

டேவிட் படத்தை எடுத்து, முதல் தடவை பார்ப்பவன் மாதிரி பார்த்தான்.

"உங்கம்மாவுக்கு உசுரே போச்சு" என்றாள் அத்தை. "அடுத்தவங்க ஜோடனைக்குக் கீழ நிக்கிறமேன்னு. தலையத் தூக்கவே இல்ல. போட்டோ கைக்கு வந்தப்பவே சொல்லிட்டா, புள்ளைங்ககிட்ட யாரும் சொல்லக் கூடாதுன்னு. அதான் நான் வாயத் தொறக்கல."

ஹில்டாவுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். அப்பா மேல் ஆத்திரம், போய் ஏன் கேட்டார்? அம்மா மேல் ஆத்திரம், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? அத்தை மேல் சொல்ல முடியாத ஆத்திரம். யாரோ ஒரு காண்ட்ராக்டர் வீட்டுக் கல்யாணத்தையா பார்த்துப் பார்த்து, கரப்பானிடம் இழந்து, மறுபடி கட்டினாள்? அம்மா நின்ற இடம் என்று நினைத்தாளே, அம்மாவுக்கு அங்கே ஒரு நிமிஷம் நிற்பதே வதையாக இருந்திருக்கிறதே!

"தூக்கிப் போடுங்க இத்த!" என்று கத்தினாள். "எனக்கு வேணாம். ஏரிக்கரையில கொண்டுபோய்ப் போடுங்க!"

டேவிட் பயந்துபோய் வளைவின் ஒரு காலைப் பிடித்துத் தூக்கினான். அசையவில்லை. ஹில்டாவே இன்னொரு காலைப் பிடித்து இழுத்தாள். ஜெயபால் வைத்த தகடு தரையை விட்டு நகர்ந்தால்தானே? பிடித்து உலுக்கினாள். நான்கு பூ உதிர்ந்ததுதான் மிச்சம். அப்படியே அதன் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் வேலைக்கு லீவு. விடிந்ததும் முற்றத்துக்கு வந்தாள். வளைவு அதே இடத்தில் நின்றது, என்ன செய்யும் பாவம். படத்தை எடுத்துப் பார்த்தாள். வெட்கம் என்று இத்தனை வருஷமாக நினைத்த அந்தத் தலைகுனிவை இப்போது பார்க்கச் சகிக்கவில்லை. ரோஸ் என்றும் மஞ்சள் என்றும் அம்மா மாற்றி மாற்றிச் சொன்னது விளையாட்டு இல்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அம்மா நிமிர்ந்தே பார்க்கவில்லை. பூ என்ன நிறம் என்று அவளுக்கே தெரியாது. பிள்ளை கேட்கும்போதெல்லாம் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறாள். ஹில்டாவுக்கு அப்போது அழுகை வந்தது. அழுது முடித்து, உதிர்ந்த நான்கு பூவையும் எடுத்துக் கட்டினாள். கட்டவில்லையென்றால் கை சும்மா இருக்காது, அதற்காகத்தான் கட்டினாள் என்று டேவிட்டிடம் சொன்னாள்.

கல்யாணத்தன்று காலையில் ஜெயபாலின் பட்டறை ஆட்களே வந்து வளைவைக் கோவில் வாசலில் இறக்கி வைத்தார்கள். டேவிட் யாருக்கும் தெரியாமல் பூக்களுக்கு நடுவே சீரியல் செட்டை நுழைத்திருந்தான். ஏழரை மணிக்கு ஸ்விட்சைப் போட்டான். கரண்ட் இல்லை. பூசை தொடங்கி, மூன்று ஜோடிக்கும் தாலி கட்டி, கையெழுத்துப் போட்டு முடிகிற வரைக்கும் கரண்ட் வரவில்லை. நெட்டுக்குள்ளே வியர்வை ஊற்றியது. பட்டாபிராம் ஜோடி வீடியோக்காரரோடு காரில் ஏறிப் போய்விட்டது.

போட்டோக்காரர் தங்கவேல் ஹில்டாவையும் ஜெயபாலையும் வளைவுக்குக் கீழே நிறுத்தி ஐந்து படம் எடுத்தார். சிரிங்க என்றார். ஹில்டா சிரித்தாள். நினைத்த மாதிரி ஒன்றும் இல்லை. இரண்டு மாசமாக எதற்குக் காத்திருந்தாளோ அது வந்து, நின்று, ஐந்து கிளிக்கில் முடிந்துபோயிற்று. டேவிட் கட்டிங் பிளேயரோடு வந்து நின்றான்.

"அறுத்துடட்டாக்கா?"

அப்போதுதான் செங்கல் சூளைப் பெண்ணைப் பார்த்தாள். பத்தொன்பது, இருபது வயது இருக்கும். மொடமொடவென்று புதுப்புடவை. அவர்களுக்குப் போட்டோக்காரர் யாரும் இல்லை. அவள் புருஷன் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு ஹில்டாவிடம் வந்தான்.

"அக்கா, ஒரே ஒரு போட்டோ. நின்னுட்டுப் போயிடறோம்."

ஹில்டா முந்நூற்றுப் பன்னிரண்டு பூவையும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். விரலில் கம்பி குத்திய இடமெல்லாம் வலித்தது. முடியாது என்ற வார்த்தை நுனி நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. அந்தப் பெண் பின்னால் நின்று புருஷனின் சட்டையைப் பிடித்து, "வேணாம், வா போலாம்" என்று இழுத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவே இல்லை.

"டேய், பிளேயர உள்ள வை" என்றாள் ஹில்டா டேவிட்டிடம்.

இரண்டு பேரும் வந்து வளைவின் ஓரமாக, எதையும் தொட்டுவிடக் கூடாது என்பது போல நின்றார்கள். ஹில்டா போய் அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்து நடுவுக்கு இழுத்தாள்.

"ஏன் ஓரமா நிக்கிற? நடுவுல நில்லு. தலையத் தூக்கு. மேல பாரு, நல்லாப் பாரு. இது ரோஸு. இது வெள்ள. நாளைக்கு உன் புள்ளைங்க கேக்கும், சொல்லத் தெரியணும்."

அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துச் சிரித்தாள். தங்கவேல் கேமராவைக் கண்ணில் வைத்தார், எடுத்தார், கையை ஆட்டினார்.

"மாப்பிள்ள சார், உங்க கை உள்ள விழுது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

ஜெயபால் பதறிப்போய் நகரப் பார்த்தான். ஹில்டா அவன் கோட்டுக் கையைப் பிடித்து அங்கேயே நிறுத்தினாள்.

"விழட்டும்" என்றாள். "நீங்க எடுங்க."